வெள்ளைப் பூச்சு: சாதாரணத் தாளைக் கையால் ஆர்ட் பேப்பர் ஆக்கும் செய்முறைப் பதிவு

திருகோணமலையில் அச்சாகும் எந்த நினைவு மலரையும் எடுத்து விரித்துப் பாருங்கள். தேவாரமும் வாழ்க்கை வரலாறும் சாதாரண வெள்ளைத் தாளில் இருக்கும். படம் மட்டும் வழுவழுப்பான ஆர்ட் பேப்பரில் இருக்கும். அந்தப் படத்தைச் சாதாரணத் தாளில் அடித்தால் தலைமுடி கறுப்புக் கட்டியாகிவிடும், வேட்டி மடிப்புத் தெரியாது. மையும் இயந்திரமும் ஒன்றுதான். சதுர மீற்றருக்குப் பத்துப் பன்னிரண்டு கிராம் வெள்ளைத் தூள்தான் இடையில் உள்ள வித்தியாசம். அந்தத் தூளைக் கையால் பூசி, எதை மாற்றினால் எது கெடுகிறது என்று பார்ப்பதற்கான பதிவு இது. தேவையான பெரும்பாலான சாமான்கள் ஹாட்வெயார் கடையிலும் மோட்டர் வைண்டிங் கடையிலும் கிடைக்கும்.

தாளின் மேல் என்ன நடக்கிறது

கடதாசி நார் ஒன்றின் அகலம் ஏறக்குறைய 20 முதல் 30 மைக்ரோன் (மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரோன்). அச்சில் படம் சிறு புள்ளிகளாக உடைக்கப்படும்; அங்குலத்துக்கு எத்தனை புள்ளி வரிசை என்பதே ஸ்கிறீன் கோடு. அங்குலத்துக்கு 150 கோடு ஸ்கிறீனில் ஒரு புள்ளிக்குரிய கட்டம் 170 மைக்ரோன். அந்தக் கட்டத்தில் 10 சதவீதத்தை மூடும் புள்ளியின் விட்டம் சுமார் 60 மைக்ரோன். ஆக, முகத்தின் வெளிச்சமான பகுதியில் விழும் ஒரு புள்ளி இரண்டு மூன்று நார்களின் முதுகில்தான் குந்த வேண்டும். இடையில் பள்ளம் வந்தால் புள்ளியில் பாதி விழாது. நார் மையை இழுத்தால் புள்ளிக்கு வால் முளைக்கும். பத்து மடங்கு வில்லையை வைத்துப் பார்த்தால் இரண்டும் தெரியும். பூச்சில்லாத தாளுக்கு 120, 133 கோட்டோடு நிறுத்திக்கொள்வதும், பூச்சுத் தாளுக்கு 150, 175 என்று துணிவதும் இதனால்தான்.

பூச்சு என்பது வெள்ளைத் தூள், அதைப் பிடித்துவைக்கும் பசை, இரண்டுக்கும் நடுவே காற்று. செய்பவர்கள் முதல் இரண்டை நிறுத்து அளந்துவிட்டு மூன்றாவதை மறந்துவிடுகிறார்கள். தூளுக்கிடையே உள்ள நுண்துளைதான் ஓப்செற் மையின் எண்ணெயை உறிஞ்சி, நிறத்தை மேலே நிற்க வைக்கிறது. வெள்ளைக்கும் அந்தத் துளைதான் பாதிக் காரணம். ஒளி எவ்வளவு வளைகிறது என்பதைக் காட்டும் ஒளிமுறிவுச் சுட்டி கல்சியம் காபனேற்றுக்கு (சோக்) 1.59, கயோலினுக்கு (வெண்களி) 1.56, நாருக்கு 1.53; காற்றுக்கு 1. தூளுக்கும் காற்றுக்கும் இடையே உள்ள இந்த வித்தியாசத்தில்தான் ஒளி சிதறுகிறது. பசையின் சுட்டி தூளுக்குக் கிட்ட நிற்பதால், துளையைப் பசை நிரப்பினால் ஒளி ஊடுருவிப் போய்விடும். ஈரமான தாளில் பின்பக்க எழுத்துத் தெரிவதும் இந்தக் கணக்கில்தான்.

இழுகோல்

பூசுவதற்குத் தூரிகை வேண்டாம். தடிப்பு ஒரே அளவாக வராது. கம்பி சுற்றிய கோல் ஒன்று போதும். 12 மில்லிமீற்றர் துருப்பிடிக்காத எஃகுக் கோலில் 30 சென்ரிமீற்றர் வெட்டி எடுங்கள். கண்ணாடித் தகட்டில் வைத்து உருட்டி, அடியில் வெளிச்சக் கீற்றுத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அந்தக் கோல் உதவாது.

கம்பி, மோட்டர் வைண்டிங் செய்யும் 33ஆம் கேஜ் செப்புக் கம்பி. அதன் விட்டம் 0.254 மில்லிமீற்றர். 22 சென்ரிமீற்றர் நீளத்துக்குச் சுற்ற ஏறக்குறைய 866 சுற்று வரும். கம்பி 33 மீற்றர், நிறை 15 கிராமளவு. 25 கிராம் வாங்கினால் தாராளம். ஒரு முனையை எபொக்சிப் பசையால் ஒட்டிக் காயவிட்டு, கோலை டிரில்லில் பூட்டி மிக மெதுவாகச் சுழற்றிக்கொண்டு, கம்பியை இறுக்கிப் பிடித்து, சுற்றோடு சுற்று ஒட்டும்படி ஓடவிட வேண்டும். ஒரு இடத்தில் இடைவெளி விழுந்தால் தாள் முழுக்க அந்த இடத்தில் மேட்டுக்கோடு ஓடும். ஒரு சுற்று மற்றதன் மேல் ஏறினால் அங்கே கீறல். இரண்டில் எது நடந்தாலும் பிரித்துத் திரும்பச் சுற்றுவதைத் தவிர வழியில்லை.

ஈரப் பூச்சின் தடிப்பைக் கம்பியின் விட்டமே தீர்மானிக்கும். அடுத்தடுத்த இரண்டு சுற்றுக்கும் தாளுக்கும் நடுவே உள்ள முக்கோண இடுக்கில் நிற்பது மட்டும் தாளில் தங்கும். அது விட்டத்தின் 0.107 மடங்கு. 0.254க்கு 27 மைக்ரோன். கூட அழுத்தினால் மெல்லியதாகும் என்று நினைக்கக் கூடாது. இரு முனையிலும் அழுத்தும்போது கோல் நடுவில் மயிரிழை மேலே வளையும், தாளின் நடுவில் பூச்சுத் தடிக்கும். கோலின் சொந்தப் பாரமே போதும். கை வழிகாட்டினால் சரி.

தூளைத் தரம் பிரித்தல்

பட்டி போடுவதற்கு விற்கும் சோக் பவுடர் கல்சியம் காபனேற்றுத்தான். ஆனால் மணி பெரிது. ஆலைகளில் பாவிக்கும் ரகங்களில் 60 முதல் 90 சதவீதம் 2 மைக்ரோனுக்குக் கீழ். பட்டித் தூளில் 30 மைக்ரோன் மணி சாதாரணம். 27 மைக்ரோன் ஈரப் படலத்தில் அப்படி ஒரு மணி அகப்பட்டால் கோலின் கீழே சிக்கி, தாளின் கடைசி வரை ஒரு கோட்டைக் கீறிக்கொண்டே வரும்.

ஆகவே தண்ணீரில் படியவிட்டுப் பிரிக்க வேண்டும். 28 பாகைத் தண்ணீரில் 10 மைக்ரோன் மணி 10 சென்ரிமீற்றர் இறங்கக் கால் மணித்தியாலம் எடுக்கும். 5 மைக்ரோன் மணிக்கு ஒரு மணித்தியாலம். 2 மைக்ரோனுக்கு ஆறு மணித்தியாலத்துக்கு மேல். 4 லீற்றர் ஆர்.ஓ. தண்ணீர், 200 கிராம் தூள், வெந்நீரில் கரைத்த 1 கிராம் சோடியம் ஹெக்ஸாமெற்றாபொஸ்பேற்று. பகுதி பகுதியாக பிளெண்டரில் ஐந்து நிமிடம் அடித்து, உயரமான பாத்திரத்தில் ஊற்றி, அசைக்காமல் விடுங்கள். சரியாக ஒரு மணித்தியாலத்தில் மெல்லிய ரியூப்பால் மேல் 10 சென்ரிமீற்றரை மட்டும் இழுத்தெடுங்கள். வருவது 5 மைக்ரோனுக்குக் கீழ். அடியில் நின்றதற்குத் தண்ணீர் விட்டு இன்னும் இரண்டு தடவை இப்படியே செய்யலாம்.

பொஸ்பேற்று இல்லாமல் செய்தால் பத்து நிமிடத்தில் எல்லாமே அடியில் கிடக்கும். சிறிய மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகி, பெரிய மணியின் வேகத்தில் விழுவதுதான் காரணம். கிணற்றுத் தண்ணீரிலும் இதே கதைதான். கடற்கரைப் பக்கக் கிணறுகளில் கல்சியமும் மக்னீசியமும் கூட. போட்ட பொஸ்பேற்றை அவையே பிடித்துக்கொள்ளும். ஆர்.ஓ. தண்ணீர் இல்லையென்றால் மழைத்தண்ணீர்.

எடுத்த பாலை இரண்டு மூன்று நாள் வைத்து, மேலே தெளிந்ததை வடித்து, மிச்சத்தைத் தட்டில் பரப்பிக் களிபோல் ஆகும்வரை விடுங்கள். முழுக்கக் காயவிடாதீர்கள். காய்ந்து கட்டியானால் பிறகு எவ்வளவு அடித்தாலும் பழைய நுண்மை வராது. களியில் 10 கிராம் எடுத்துக் காயவைத்து நிறுத்தால் அதில் எவ்வளவு தூள், எவ்வளவு தண்ணீர் என்பது தெரியும். கலவைக் கணக்கை அதிலிருந்து போடுங்கள்.

சோக்கை மட்டும் பூசினாலும் தாள் வெள்ளையாகும், பளபளப்பு வராது. சோக் மணி கல்லுருண்டை மாதிரி, கயோலின் மணி மெல்லிய தகடு. தகடுகள் படுத்துக்கொண்டால்தான் மேற்பரப்பு மட்டமாகும், பள்ளமும் மூடும். பொரலஸ்கமுவவிலும் மீட்டியாகொடவிலும் எடுக்கும் வெண்களி இந்தக் கயோலின்தான். 100க்கு 30 பங்கு சேர்ப்பது நல்ல தொடக்கம். 50ஐத் தாண்டினால் கலவை தடித்து, கோலின் கீழ் முறுகும்.

கலவை

தூள் 100 கிராமுக்கு (காய்ந்த கணக்கில் சோக் 70, கயோலின் 30):

தண்ணீர் 130 கிராம், களியில் உள்ளதையும் சேர்த்து
பொஸ்பேற்று 0.4 கிராம், 10 மில்லிலீற்றர் வெந்நீரில்
சோளமா 4 கிராம், 46 மில்லிலீற்றர் தண்ணீரில் காய்ச்சியது
மரவேலைக்குப் பாவிக்கும் வெள்ளைப் பசை 18 கிராம் (45 சதவீதம் திண்மம் என்று எடுத்தால் காய்ந்து 8 கிராம்)

மொத்தம் 308 கிராம், திண்மம் 36.5 சதவீதம். பசையும் மாவும் சேர்ந்து தூள் 100க்கு 12 பங்கு. தடிப்பு தேங்காய் முதற்பால் பதத்தில் இருக்கும்.

வரிசை முக்கியம். தண்ணீரில் பொஸ்பேற்று, பிறகு கயோலின், பத்து நிமிடம் பிளெண்டர். அடுத்து சோக் களி. பழைய நைலோன் காலுறையை இரண்டாக மடித்து அதில் வடியுங்கள். சோளமாவை 90 பாகைக்கு மேல் 15 நிமிடம் கிளறிக் காய்ச்சி, ஆறவிட்டு, ஆடை எடுத்துவிட்டுக் கையால் கலக்குங்கள். பசை கடைசியில், அதற்குப் பிறகு பிளெண்டரைத் தொடக் கூடாது. நுரை வந்தால் தாளில் ஊசித்துளை ஊசித்துளையாக விழும். பருப்புப் பொங்காமல் தேங்காயெண்ணெய் விடுகிற கைப்பழக்கத்தில் இதற்குள்ளும் ஒரு சொட்டு விட்டுவிடாதீர்கள். எண்ணெய் நின்ற இடத்தில் பூச்சு விலகி வட்டக் குழி விழும். ஒரு மணித்தியாலம் மூடி வைத்தால் நுரை தானாக அடங்கும்.

வெள்ளைப் பசை அநேகமாகக் கொஞ்சம் அமிலத்தன்மையாக இருக்கும். அப்படியே ஊற்றினால் காபனேற்றோடு சேர்ந்து காபனீரொட்சைட்டுக் குமிழி விடும், சில வேளை கலவை தயிர்போல் திரியும். அப்பச்சோடாவை நீரில் கரைத்து, லிட்மஸ் தாள் சிவக்காத அளவுக்குத் துளித்துளியாகப் பசையில் சேர்த்துவிட்டு ஊற்றுங்கள். அமோனியாவும் இதைச் செய்யும். ஆனால் கோலின் கம்பியில் எனாமல் உரிந்த செப்பை அது அரித்து, தாளில் நீலக்கறை விடும். மாக்கஞ்சி இந்த வெக்கையில் ஒரே நாளில் புளித்துவிடும் என்று வெண்காரம் போட நினைப்பவர்களுக்கு: இந்தப் பசைகளில் பொலிவைனைல் அற்ககோல் இருக்கும், வெண்காரம் பட்டதும் முழுக் கலவையும் சவ்வாகிவிடும். கலந்த அன்றே பூசி முடிப்பதுதான் சுகம்.

இழுத்தல், காயவைத்தல், நிறை பார்த்தல்

தாளைத் தடித்த கண்ணாடியில் வைத்து, மேல் விளிம்பை மாஸ்கிங் டேப்பால் ஒட்டி, கீழே கழிவுத் தாள் ஒன்றை விரியுங்கள். கோலுக்கு முன்னால் 8 மில்லிலீற்றர் கலவையைக் கோடாக ஊற்றி, கோலை உருட்டாமல், இரண்டு மூன்று விநாடியில் நேராக இழுக்க வேண்டும். தாளில் தங்குவது 1.7 மில்லிலீற்றர்தான், மிச்சம் கழிவுத் தாளுக்குப் போகும். மெதுவாக இழுத்தால் தாள் அதற்குள் தண்ணீரைக் குடித்துக் கலவை இறுகி, வரிவரியாகும். இழுத்த கையோடு கோலைத் தண்ணீரில் போட்டு நைலோன் பிரஷ்ஷால் கழுவுங்கள். இடுக்கில் காய்ந்தால் அடுத்த தாளில் பூச்சு மெலியும்.

சதுர மீற்றருக்கு 80 கிராம் நிறுக்கும் போட்டோக்கொப்பித் தாள் நெளியும். 100, 120 கிராம் தாள் நல்லது. பத்திரிகைத் தாள் சரிவராது. அது தண்ணீரோடு பசையையும் உள்ளே இழுத்துவிடுவதால், மேலே நிற்கும் தூளை விரலால் துடைத்தெடுக்கலாம். ஒரு பக்கம் மட்டும் பூசிய தாள் காய்ந்ததும் பூச்சுப் பக்கமாகச் சுருளும். நான்கு விளிம்பையும் ஒட்டிக் காயவிடுங்கள், அல்லது மறுபக்கமும் பூசுங்கள்.

இங்கே காயவைப்பதில்தான் அதிகம் கெடுகிறது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் யன்னலைத் திறந்து வைத்தால் விளிம்பு முந்திக் காய்ந்து நடு பிந்தும், தூசியும் ஒட்டும். ஹெயார் டிரையரை நேரே பிடிப்பது அதைவிட மோசம். ஆவியாகும் தண்ணீர் பசையை மேலே இழுத்து வரும், அதுவும் இடத்துக்கிடம் வெவ்வேறு அளவில். பார்வைக்கு ஒன்றும் தெரியாது. அச்சடித்தால் ஒரே நிறப் பரப்பு மேகம் படர்ந்ததுபோல் திட்டுத்திட்டாக வரும். யன்னலைச் சாத்தி, விசிறியைச் சுவரை நோக்கித் திருப்பி, அறைக்காற்றில் விடுங்கள். வாடைக்காற்றுக் காலத்தில் ஒரு இரவு எடுக்கும். எடுத்தால் எடுக்கட்டும்.

A4 தாளின் பரப்பு 0.0624 சதுர மீற்றர். 80 கிராம் தாள் ஒன்று 5 கிராம் நிறுக்கும், 0.1 கிராம் கூடினால் சதுர மீற்றருக்கு 1.6 கிராம். ஆகவே 0.01 கிராம் காட்டும் நகைக்கடைத் தராசு வேண்டும். மேலே சொன்ன கலவைக்கும் கோலுக்கும் கணக்கில் வருவது சதுர மீற்றருக்கு 12.5 கிராம், அதாவது தாளுக்கு 0.78 கிராம். 10க்கும் 13க்கும் இடையில் நின்றால் சரி. பூசாத தாள் ஒன்றையும் அதே அறையில் வைத்து இரண்டு நேரமும் நிறுங்கள். காற்றின் ஈரத்தைத் தாளே குடித்து நிறை கூடும். அதைக் கழிக்காவிட்டால் வாடைக்காலக் கணக்கு முழுக்கப் பொய்.

பசை 6, 12, 25

தூளை மாற்றாமல், தூள் 100க்குப் பசையும் மாவும் சேர்ந்து 6, 12, 25 பங்கு வரும்படி மட்டும் மாற்றி மூன்று தாள் செய்யுங்கள். இந்தப் பதிவில் மிகவும் பிரயோசனமான பகுதி இதுதான்.

6 பங்கு: மூன்றிலும் அதிக வெள்ளை. கறுப்புத் துணியால் தேய்த்தால் துணி வெளுக்கும். செலோ டேப் ஒட்டி உரித்தால் டேப்பில் வெள்ளைப் படலம் வரும். ஓப்செற் மையின் ஒட்டும் தன்மை டேப்பைப்போலவே இழுப்பதால், கறுப்புப் பரப்பு முழுக்க வெள்ளைப் பொட்டுகள் விழும். உரிந்த தூள், தாளுக்கு மையைக் கொடுக்கும் ரப்பர்த் துணியான பிளாங்கெட்டில் ஒட்டி அடுத்த தாள்களையும் கெடுக்கும்.

12 பங்கு: டேப் சுத்தமாக வரும் அல்லது நார் கிழிந்து வரும். நார் கிழிந்தால் பூச்சு தாளைவிடப் பலம் என்று அர்த்தம்.

25 பங்கு: கைக்கு வழுவழு என்று இருக்கும், கடையில் காட்டினால் இதைத்தான் எடுப்பார்கள். ஆனால் துளை அடைபட்டுவிட்டது. வெள்ளை மங்கி, பின்பக்க எழுத்துக் கொஞ்சம் தெரியும். மை மேலேயே கிடக்கும். அடுத்த நாள் விரல் வைத்தாலும் இழுபடும், அடுக்கினால் மேல் தாளின் முதுகில் படியும்.

இதைக் கண்ணால் காண ஒரு வழி: ஓப்செற் கறுப்பு மையில் கொஞ்சம் ஆளிவிதை எண்ணெய் குழைத்து, மூன்று தாளிலும் தடிப்பாகப் பூசி, சரியாக இரண்டு நிமிடத்தில் துணியால் துடையுங்கள். 6இல் கரும் சாம்பல், 12இல் நடுத்தரச் சாம்பல், 25இல் வெளிறிய கறை. கறை எவ்வளவு கருமையோ, துளை அவ்வளவு. 6இல் இன்னொரு தொல்லை: துளை கூடி நிறமும் எண்ணெயோடு உள்ளே போய், காய்ந்தபின் கறுப்பு மங்கிப் பளபளப்பிழந்து நிற்கும்.

மினுக்கல்

காய்ந்த தாளில் சில்வர் கரண்டியின் முதுகால் ஒரே திசையில் தேய்த்தால் பளபளப்பு எழும். கயோலின் கலந்த தாளில்தான் இது நடக்கும். சோக் மட்டும் பூசியதில் எவ்வளவு தேய்த்தாலும் மங்கல்தான். அளவுக்கு மீறினால் துளை நசுங்கி, 25 பங்குத் தாளின் குணம் வந்துவிடும். அயன் பண்ணுவதென்றால் மிகக் குறைந்த சூட்டில், பேக்கிங் தாளை நடுவில் வைத்து. இந்தப் பசை 30, 40 பாகையிலேயே இளகத் தொடங்கும். அதனால்தான் தகரக் கூரை அறையில் அடுக்கி வைத்த தாள்கள் மத்தியான வெக்கையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. நடுவில் பூசாத தாள் வைத்து அடுக்குங்கள்.

எந்த இயந்திரத்துக்கு

ஓப்செற், லெற்றர்பிரஸ் இரண்டுக்கும் 12 பங்குத் தாள் நேரே போகும். ஓப்செற்றில் தண்ணீரும் படுவதால் ஈரவிரலால் பத்துத் தரம் தேய்த்துப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். கரைந்து வந்தால் மாவைக் குறைத்துப் பசையைக் கூட்டுங்கள். லேசரில் தோனர் உருகும் இடம் 180 பாகையைத் தொடும். அந்தச் சூட்டில் பசை இளகி உருளையில் ஒட்டலாம், உதிரும் தூள் ட்ரம்மைக் கீறும். அடுத்தவருடைய லேசர் பிறிண்டரில் இதை விடாதீர்கள்.

இங்க்ஜெட் தனிக் கதை. அதன் மை பெரும்பாலும் தண்ணீர். இந்தப் பூச்சின் துளை அவ்வளவையும் உடனே குடிக்காது, நிறங்கள் ஒன்றோடொன்று கலந்து ஓடும். 3 சதவீதக் கல்சியம் குளோரைட்டுக் கரைசலைப் பஞ்சால் மெல்லத் தடவிக் காயவைத்தால், பிக்மென்ட் (நுண்துகள் நிற) மை பட்ட இடத்திலேயே உறைந்து விளிம்பு கூராகும். அதைக் கலவைக்குள் ஊற்றினால் மணிகள் திரிந்து எல்லாம் வீண். தடவிய தாள் வாடைக்காலத்தில் ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்கும், உறையில் போட்டு வையுங்கள்.

இன்னும் வெள்ளை வேண்டுமென்றால் தைத்தானியம் ஈரொட்சைட்டு 5 பங்கு போதும். ஒளிமுறிவுச் சுட்டி 2.5க்கு மேல் என்பதால் காற்றுத்துளை இல்லாமலே ஒளியைச் சிதறும். பின்பக்கம் தெரியாமல் மறைப்பதில் அதற்கு இணையில்லை, விலைதான் கடிக்கும். புல்மோட்டை மணலில் தைத்தானியம் இருக்கிறதே, அரைத்துப் போடலாமா என்று யாரும் கேட்டால்: அதில் பெரும்பகுதி இல்மனைற்று, இரும்போடு சேர்ந்த கறுப்பு. எவ்வளவு அரைத்தாலும் கறுப்புத்தான். வெள்ளை எடுக்க இரசாயனத் தொழிற்சாலை வேண்டும்.

பூசிய தாள் பகல் வெளிச்சத்தில் பூசாத தாளைவிட மஞ்சளாகத் தெரிந்தால் தூளைக் குறை சொல்ல வேண்டாம். கள்ளநோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கைப் பிடியுங்கள். பூசாத போட்டோக்கொப்பித் தாள் நீலமாக ஒளிரும், பூசிய பக்கம் இருட்டாக இருக்கும். ஆலையில் சேர்த்த ஒளிர்வுச் சாயத்தைப் பூச்சு மூடிவிட்டது, அவ்வளவுதான்.

மலரின் அட்டைக்குப் பாவிப்பதென்றால் நார் ஓடும் திசை பார்க்க வேண்டும். ஒரு துண்டை வெட்டி ஒரு பக்கம் மட்டும் நனையுங்கள்; சுருளும் குழாயின் நீளத் திசைதான் நாரின் திசை. மடிப்பு அதற்கு இணையாக வர வேண்டும். குறுக்கே மடித்தால் பூச்சு வெடித்து, கரிய அட்டையில் முதுகு நெடுக வெள்ளைக் கோடு விழும். ஏற்கெனவே குறுக்காக வெட்டிவிட்டீர்களென்றால், மடிக்குமுன் மழுங்கிய கத்தி முதுகால் ஒரு பள்ளக்கோடு அழுத்தி, பள்ளம் வெளிப்பக்கம் வரும்படி மடியுங்கள். வெடிப்பு முழுக்க நிற்காது, குறையும்.